அமோனியா கூடினால் மணி பெருக்கும்!

வடமராட்சியில் அம்பன், வல்லிபுரப் பக்கம் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அந்த வெள்ளை மணலைத் தெரியும். சிலிக்கா மணல் அது. அதே சிலிக்காவை ஒரு குடுவைக்குள் புதிதாகப் பிறக்கவைக்கலாம், அதுவும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு உருண்டைகளாக! வாருங்கள், ஆய்வுகூடத்துக்குள் எட்டிப் பார்ப்போம்.

காந்தக் கலக்கியின் மேல் குடுவை. உள்ளே எதனோல், கொஞ்சம் தண்ணீர், மூக்கைத் துளைக்கும் அமோனியா. சிலிக்காவுக்கு மூலமான டி.ஈ.ஓ.எஸ். என்ற நிறமற்ற திரவத்தை ஊற்றியதும்... ஒன்றுமே நடக்காது! தெளிந்த தண்ணீராய்ச் சுழன்றுகொண்டே இருக்கும். கண்ணை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சில நிமிடங்களில் மெல்லிய நீலம் படரும். பிறகு பால்வெள்ளை! அந்த நீலத்துக்குச் சாயம் எதுவும் காரணமில்லை. குட்டித் துணிக்கைகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கின்றன, அவ்வளவுதான்.

1968இல் ஸ்ரோபர், ஃபிங்க், போன் ஆகிய மூவர் வெளியிட்ட முறை இது. 50 நனோமீற்றருக்கும் குறைவானதிலிருந்து 2000 நனோமீற்றர் வரை உருண்டைகளைச் செய்து காட்டினார்கள். 200 நனோமீற்றர் உருண்டைகள் 2500ஐ வரிசையாக வைத்தால்தான் அரை மில்லிமீற்றர் மணல் துணிக்கை ஒன்றின் அகலம் வரும்.

அளவைத் தீர்மானிப்பது யார்? பெரும்பங்கு அமோனியாவுக்கு! ஊக்கி தாக்கவீதத்தைக் கூட்டும் என்று உயர்தரத்தில் படிக்கிறோம். இங்கே ஊக்கியான அமோனியா பருமனையும் ஆட்டுவிக்கிறது. தண்ணீர் டி.ஈ.ஓ.எஸ்.ஸைப் பகுக்க, பகுத்தவை ஒன்றோடொன்று பிணைய, இரண்டு வேலையையும் அமோனியா விரட்டுகிறது. அதைக் குறைத்து விட்டால் ஏராளமான சிறு மணிகள் தனித்தனியே நிலைத்துவிடும். கூட்டினால் கரைசலில் அயன்கள் பெருகி, முதலில் தோன்றும் நுண்மணிகளின் மின்தள்ளுகை தளரும்; அவை ஒட்டிக்கொள்ளும். உருண்டைகளின் எண்ணிக்கை குறைய, இருக்கிற சிலிக்காவைப் பங்குபோட ஆளும் குறைவு. விட்டம் இரட்டிப்பானால் எண்ணிக்கை எட்டில் ஒன்று!

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் வேறு குறுக்கே வரும். போத்தலைத் திறக்கத் திறக்க அமோனியா பறந்துவிடும். வெப்பநிலை ஏறினாலோ மணிகள் பொதுவாகச் சிறுக்கும். ஆகவே பழைய போத்தலை நம்பாமல் செறிவைச் சரிபார்த்த பிறகே அளக்க வேண்டும்.

உயர்தர இரசாயனவியல் பிள்ளைகளே, திருநெல்வேலியில் யாழ். பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குள் போகும் வாய்ப்புக் கிடைத்தால், இரண்டு குடுவைகளில் இரண்டு அளவு அமோனியா விட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.