பாம்புக்கும் ஊர் உண்டு

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருவீதியில் கற்பிட்டிக்குப் பாதை பிரியும் இடமே பாலாவி. உப்பளமும் மணற்றரையும் பற்றைக்காடும் சூழ்ந்த இவ்வரண்ட கரையோரம் பாம்புகளுக்கு உவப்பான உறைவிடமாகும். இங்கு ஒருவரைக் கண்ணாடிப் புடையன் தீண்டினால், அவர் உயிரைக் காக்கும் மருந்து எந்த ஊர்ப் பாம்பின் நஞ்சிலிருந்து பிறந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நெடுங்காலமாக இலங்கை மருத்துவமனைகள் இந்தியாவில் ஆக்கப்பட்ட நஞ்சுமுறி மருந்தையே பயன்படுத்தி வந்துள்ளன. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி, அதன் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே அதன் செய்முறை. 1978இல் தமிழ்நாட்டில் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கு நஞ்சு வழங்கும் முதன்மையான நிலையமாகும்.

தமிழ்நாட்டுப் புடையனும் இலங்கைப் புடையனும் ஒரே இனமே. எனினும் அவற்றின் நஞ்சு முற்றிலும் ஒன்றன்று. இலங்கையில் பரவலாக வாழும் கூன்மூக்கு விரியனின் நஞ்சையோ அம்மருந்து முறிப்பதில்லை. ஆதலின் பேராதனைப் பல்கலைக்கழக அறிஞர்கள் அமெரிக்க, கொஸ்தா ரிக்கா அறிஞர்களுடன் கூடி, இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே புதிய மருந்தொன்றை உருவாக்க முயன்றனர். அதன் ஆய்வுக்கூடச் சோதனை முடிவுகள் 2016இல் வெளிவந்தன.

இத்தகைய பணிக்கெனக் கூண்டில் பாம்பு வளர்ப்போர், வெவ்வேறு நாட்டுப் பாம்புகளை இணைசேர்த்தல் ஆகாது. கலப்பில் பிறந்த குட்டியின் நஞ்சு எந்த நிலத்துக்குரியது என எவரால் கூற இயலும்? கலப்பு எளிதில் நேரும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலமே சான்று. வளர்ப்பிலிருந்து வெளியேறிக் காட்டில் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் சிலவற்றில், இந்திய மலைப்பாம்பின் மரபுக்கூறும் கலந்திருப்பதை 2018இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று.

அவ்வாறாயின், ஒரே தாய் வயிற்றுக் குட்டிகளையே தலைமுறைதோறும் இணைத்தல் தூய்மையாகுமா? ஆகாது. சுவீடன் நாட்டுக் கடற்கரையொன்றில் தனித்து வாழ்ந்த விரியன் கூட்டத்தில், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழ்ந்தமையால் குட்டிகள் பல இறந்தே பிறந்தன. 1992இல் அந்நாட்டின் பிறிதோரிடத்திலிருந்து 20 ஆண் பாம்புகளைக் கொணர்ந்து விட்ட பின்னரே அக்கூட்டம் மீண்டும் தழைத்தது.

எனவே, தூய வழி என்பது ஒரே நிலத்தைச் சார்ந்த, வெவ்வேறு குடும்பத்துப் பாம்புகளை இணைத்துப் பேணுவதேயாம். அதற்கு முதற்றேவை ஒரு பதிவேடு. பிடிபட்ட ஊர், பிடிபட்ட நாள், தாய், தந்தை ஆகிய விவரங்கள் அதில் பிழையின்றி இருத்தல் வேண்டும். ஊர் தெரியாத பாம்பு எத்துணை அழகியதாயினும் மருந்தாக்கும் பணிக்கு உதவாது. பாலாவியின் உப்பளத்தில் வெறுங்காலுடன் உழைக்கும் ஏழையின் உயிர், எங்கோ ஒரு கூண்டின்மேல் எழுதப்பட்ட அவ்வூர்ப் பெயரிலும் தங்கியுள்ளது.