செகண்ட் ஹேண்ட் ஏர் பிஸ்டல் வாங்கப் போறீங்களா? விலையைக் கேட்கும் முன் சிலிண்டர் தேதியைப் பாருங்க!

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் மனு பாக்கர் வெண்கலம் வென்றார். வெள்ளிப் பதக்கத்துக்கான வாய்ப்பு அவருக்கு 0.1 புள்ளியில் கைநழுவியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு டோக்கியோவில் நடந்தது வேறு கதை. தகுதிச் சுற்றின் நடுவில் அவருடைய பிஸ்டல் பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் பொன்னான நிமிடங்கள் போய்விட, இறுதிச் சுற்றுக்கே அவரால் போக முடியவில்லை.

உலகத் தரமான கருவி, கூடவே பயிற்சியாளர் என எல்லாம் இருந்தும் அப்படி ஆனது. அப்படியென்றால் யாரோ பத்து வருஷம் சுட்டுப் பழகிய பிஸ்டலை, வாட்ஸ்அப்பில் வந்த நாலு போட்டோவை மட்டும் பார்த்து வாங்கினால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது ரசிகர் கூட்டம் திரண்டது நினைவிருக்கலாம். இந்த விளையாட்டு பற்றி அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. 'என்னையும் ரைஃபிள் கிளப்பில் சேர்த்துவிடுங்க' என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சேர்த்தாச்சு. ஆறு மாசம் ஆச்சு. அடுத்தது சொந்த பிஸ்டல். வெளிநாட்டுத் தயாரிப்பை புதுசாக வாங்கினால் லட்ச ரூபாயைத் தாண்டும். அதனால்தான் நடுத்தரக் குடும்பங்களின் பார்வை பழைய பிஸ்டல் பக்கம் திரும்புகிறது.

பழசு வாங்குவது தப்பா?

தப்பே இல்லை. ஏர் பிஸ்டல் விஷயத்தில் பழசுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. இதன் குண்டு, அதாவது பெல்லட், மென்மையான ஈயத்தால் ஆனது. அரை கிராம்தான் எடை. வேகமும் குறைவு. வெடிமருந்தின் சூடோ அரிப்போ கிடையாது. அதனால் குழல், அதாவது பேரல், அவ்வளவு சீக்கிரம் தேயாது. இருபது வருஷப் பழைய பிஸ்டலின் பேரல்கூட புதுசு மாதிரியே சுடும்.

தேய்வது மற்ற பாகங்கள்தான். காற்றை அடைத்து வைக்கும் சீல், ட்ரிகரின் உள்பாகங்கள், காற்று சிலிண்டர் மூன்றும் வயசாகும். விற்பவர்கள் பெரும்பாலும் பேரலைக் காட்டித்தான் 'புதுசு மாதிரி இருக்கு' என்பார்கள். நீங்க பார்க்க வேண்டிய இடம் அது இல்லை.

எந்த வகை?

போட்டிக்கான பிஸ்டல் 4.5 மில்லிமீட்டர் குண்டு சுடுவது. 10 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கின் 10 புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். சட்டைப் பொத்தான் அளவு. ஒற்றைக் கையில் பிடித்து 60 குண்டுகள் சுட வேண்டும்.

சினிமா துப்பாக்கி மாதிரியே இருக்கும் பிளாஸ்டிக், கேஸ் பிஸ்டல்கள் ஆன்லைனில் மலிவாக வரும். அவை இதற்கு உதவாது. எஃகு உருண்டை சுடும் அவற்றால் குறி பழக முடியாது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் கிடைப்பவற்றை எடுத்துக்கொண்டால், முதலில் பழைய ஸ்பிரிங் வகை. 1960-களில் வந்த ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 65 இதில் புகழ்பெற்றது. சுடும்போது வரும் உதைப்பைத் தானே வாங்கிக்கொள்ளும் அமைப்பு அதில் உண்டு. ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் எடை. பள்ளிப் பிள்ளைக்குக் கஷ்டம். அந்தக் கால சீல்கள் வயசானால் உள்ளேயே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

அடுத்தது, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடவை நெம்புகோலை இழுத்துக் காற்றை அழுத்தும் வகை. ரஷ்யாவின் ஐஇசட்ஹெச் 46எம், ஃபைன்வெர்க்பாவ் 103 எல்லாம் இந்த ரகம். சிலிண்டரே கிடையாது. காற்று நிரப்ப யாரையும் தேட வேண்டாம். சீல் ஒன்று நன்றாக இருந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். பட்ஜெட் குறைவு, கற்றுக்கொள்ளும் கட்டம் என்றால் இதைவிட நல்ல தேர்வு குறைவுதான். ஒரே குறை, 60 குண்டுக்கு 60 தடவை இழுக்க வேண்டும். மெலிந்த கைக்கு நாற்பதாவது குண்டிலேயே தோள் வலிக்கும்.

கார்பன் டை ஆக்சைடு கேஸில் ஓடும் பழைய பிஸ்டல்களும் விற்பனைக்கு வரும். விலை ஆசை காட்டும். ஆனால் இந்த கேஸின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்து மாறும். 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திரவமாகவே இருக்காது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட ரேஞ்சில் நின்றால் காலையில் ஒரு இடம், மதியம் ஒரு இடம் என்று குண்டு போகும். தவிர்ப்பது நல்லது.

இன்று போட்டிகளில் பெரும்பாலும் இருப்பது, முன்கூட்டியே காற்று நிரப்பிய சிலிண்டர் வகை. ஸ்டெயர் எல்பி10, மொரினி சிஎம் 162, வால்டர் எல்பி400 போன்ற பெயர்கள் கிளப்பில் அடிக்கடி காதில் விழும். உதைப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒரு தடவை நிரப்பினால் நூறு குண்டுக்கு மேல் சுடலாம். சிக்கல் இருப்பதும் இதில்தான்.

அந்தச் சின்னத் தேதி

பேரலுக்குக் கீழே நீளமாகத் தொங்கும் சிலிண்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்க. தயாரான மாதமும் வருஷமும் அதில் பொறித்திருக்கும். 200 பார் அழுத்தக் காற்றைத் தாங்கும் உலோகக் குழாய் அது. கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. முன்னணி நிறுவனங்கள் தங்கள் சிலிண்டர்களுக்குக் கொடுக்கும் ஆயுள் 10 வருஷம். காலாவதி ஆகாத சிலிண்டரைக் கொண்டுவருவது வீரரின் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதியே சொல்கிறது. பிஸ்டல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், தேதி முடிந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் சோதனை மேஜையிலேயே நிறுத்திவிடலாம். போட்டியை விடுங்க, வெடித்தால் முகத்துக்கு நேராக இருப்பது அதுதான்.

'புது சிலிண்டர் மாத்திக்கலாம் சார்' என்று விற்பவர் சொல்வார். அங்கேதான் கணக்குப் போட வேண்டும். ஒரு நிறுவனத்தின் சிலிண்டர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. உற்பத்தி நின்றுபோன பழைய மாடல் என்றால் சிலிண்டர் கிடைப்பதே சந்தேகம். கிடைத்தாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எனவே பேசும் விலையோடு புது சிலிண்டரின் விலையைக் கூட்டிப் பாருங்க. அந்த மாடலுக்கு இப்போது சிலிண்டர் கிடைக்குமா, என்ன விலை என்று விற்பனையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். மலிவு என்று நினைத்தது, புதுசின் விலையை நெருங்கிவிடும் இடம் இதுதான்.

சிலிண்டர் கசிகிறதா என்று பார்ப்பது சுலபம். நிரப்பி, மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுங்க. ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்க. முள் இறங்கியிருந்தால் சீல் போயிருக்கிறது. நெம்புகோல் வகை என்றால், காற்றை அழுத்திவிட்டு, இலக்கை நோக்கிப் பிடித்தபடி ஒரு நிமிஷம் கழித்துச் சுடுங்க. சத்தம் சோர்ந்துபோய் வந்தால் சீல் கதை முடிந்தது.

இன்னொரு எச்சரிக்கை. சிலிண்டரில் நிரப்ப வேண்டியது உலர்ந்த காற்று மட்டும். ஆக்சிஜனை நிரப்பவே கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸோடு சேர்ந்தால் வெடிக்கும்.

ட்ரிகர்: விரல் சொல்லும் உண்மை

பிஸ்டலின் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர்தான். ட்ரிகரை இழுக்கும்போது முன் குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளி அது 3 சென்டிமீட்டர் ஆகிவிடும். 10-க்குப் போக வேண்டிய குண்டு 7-ல் போய் உட்காரும். அதனால்தான் ட்ரிகர் விஷயத்தில் கோச்சுகள் இவ்வளவு கண்டிப்பு.

விதிப்படி ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். பேரலை மேல் நோக்கி நிறுத்தி, ட்ரிகரில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். அது விடுபட்டால் தோல்வி. பழைய உரிமையாளர் ட்ரிகரை 'லேசாக்க' உள்ளே அரத்தால் ராவியிருந்தால் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். கிளப்பில் இந்த எடைக்கல் இருக்கும். விற்பவர் முன்னாலேயே சோதியுங்க.

அடுத்து விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்க. முதலில் ஒரு இலகுவான நகர்வு, பிறகு ஒரு தடுப்புச் சுவர், அதற்குப் பிறகு கண்ணாடிக் குச்சி உடைவது போல ஒரு விடுபடல். இப்படித்தான் இருக்க வேண்டும். சுவருக்குப் பிறகும் இழுத்து இழுத்து நகர்ந்தால் பாகம் தேய்ந்திருக்கிறது.

மொரினி சிஎம் 162இஐ போன்றவற்றில் ட்ரிகர் எலக்ட்ரானிக். பேட்டரியில் ஓடும். அருமையாக இருக்கும். ஆனால் சர்க்யூட் பழுதானால் உள்ளூர் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருந்து பயிற்சி எடுப்பவர், ரிப்பேருக்கு எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். முதல் பிஸ்டலுக்கு சாதாரண மெக்கானிக்கல் ட்ரிகரே போதும்.

குண்டே இல்லாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகும் வசதி, 'டிரை ஃபயர்', இருக்கிறதா என்றும் கேளுங்க. வீட்டுச் சுவரில் ஒரு புள்ளி வைத்துத் தினமும் அரை மணி நேரம் பழகலாம். ரேஞ்ச் கட்டணமும் இல்லை, பெல்லட் செலவும் இல்லை.

கைப்பிடி யாருடைய கைக்கு?

இதைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். போட்டி பிஸ்டலின் மரக் கைப்பிடி, செருப்பு மாதிரி அளவு பார்த்து வாங்குவது. சிறியது, நடுத்தரம், பெரியது, வலக்கை, இடக்கை என்று பிரிவுகள் உண்டு. அதுபோக பழைய உரிமையாளர் தன் கைக்கு ஏற்றபடி அங்கே செதுக்கி, இங்கே மரப் புட்டி வைத்து அப்பியிருப்பார். அடுத்தவர் பல்செட் மாதிரிதான் அது.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்க. கண்ணை மூடி, இலக்கை நோக்கிக் கையை நீட்டச் சொல்லுங்க. கண்ணைத் திறந்ததும் முன் குறி, பின் குறியின் இடைவெளிக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கமாகவே விலகி நின்றால் கைப்பிடி பொருந்தவில்லை. ஐந்து நிமிஷம் பிடித்தபிறகு கை நடுங்கினால் எடை கூடுதல். விதியில் 1,500 கிராம் வரை அனுமதி உண்டு என்பதற்காக அவ்வளவு எடை தேவையில்லை. ஒரு கிலோவுக்குக் கீழே இருப்பதே வளரும் கைக்கு நல்லது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பழைய சந்தையில் கிடைப்பது அரிது. அவர்கள் தனிக் கைப்பிடி வாங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் திருப்தி என்றால், மேஜையில் மணல் மூட்டை வைத்து அதன் மேல் கையைத் தாங்கி 10 மீட்டரில் ஐந்து குண்டு சுடச் சொல்லுங்க. கோச் சுட்டால் இன்னும் நல்லது. ஐந்தும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் விழ வேண்டும். 10 வட்டத்துக்கு வெளியே சிதறினால், வேறு பெல்லட் பிராண்ட் ஒன்றில் மறுபடி முயற்சிக்கலாம். அதிலும் சிதறினால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

லைசென்ஸ் வேணுமா?

ஆயுத விதிகள் 2016-ன்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத, 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் சுமார் 6 ஜூல்தான். அதற்காகப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் சுற்ற முடியாது. தூரத்தில் பார்ப்பவருக்கு அது நிஜத் துப்பாக்கி. பூட்டிய பெட்டியில், பில் நகலோடும் கிளப் அடையாள அட்டையோடும் எடுத்துச் செல்ல வேண்டும். வெளியூர் போட்டிக்கு விமானத்தில் போனால் சிலிண்டரைக் காலியாக்கிக் கழற்றி வைத்து, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

பழசு வாங்கும்போது பலர் கோட்டைவிடுவது காகிதத்தில்தான். முதல் பில் இல்லாத பிஸ்டல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டுப் பொருளாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான். பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் பிஸ்டலில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். 'இன்னாருக்கு இந்தத் தேதியில் இந்த விலைக்கு விற்றேன்' என்று சீரியல் எண்ணோடு ஒரு கடிதம், விற்பவரின் அடையாள அட்டை நகல், பணத்தை வங்கி வழியாக அனுப்பிய ரசீது மூன்றையும் வாங்கி பிஸ்டல் பெட்டியிலேயே வைத்துவிடலாம். சிலிண்டரின் தேதியையும் அந்தக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்க. இரண்டு வருஷம் கழித்து நீங்க விற்கப் போகும்போது, வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.