ஒரே சிகரத்தில் இரு படைகள்

இத்தாலியின் வடகிழக்கே, வெனிஸ் நகரை அடுத்த சமவெளிக்குக் காவலாய் நிற்பது கிராப்பா மலை. 1775 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில் மரியன்னைக்கு ஒரு சிறு வழிபாட்டில்லம் உண்டு. பின்னாளில் பத்தாம் பயஸ் என்னும் பெயரில் போப்பாண்டவரான ஜுசெப்பே சார்த்தோ 1901ஆம் ஆண்டு அதனை அர்ப்பணித்தார். வேண்டுதலோடு மக்கள் ஏறிய அம்முடி, பதினாறே ஆண்டுகளில் போர்க்களமாயிற்று.

1917 அக்டோபரில் கப்பொரெட்டோவில் தோற்ற இத்தாலியப் படை, பியாவே ஆற்றங்கரைக்கும் இம்மலைக்கும் பின்வாங்கியது. மலை வீழ்ந்தால் சமவெளியும் வீழும். ஆதலின் இத்தாலியர் பாறையைக் குடைந்து, ஐந்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுரங்கவழி அமைத்துப் போரிட்டனர். 1918 நவம்பரில் போர் ஓயும்வரை ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையால் அம்முடியைக் கைப்பற்ற இயலவில்லை.

அவ்வெற்றியைப் பறைசாற்ற முசோலினி ஆட்சி 1935இல் அங்கே நினைவகம் எழுப்பியது. வட்ட வட்டமாக உயரும் கல்லடுக்குகளில் 12,615 இத்தாலிய வீரர்களின் எச்சங்கள் உள்ளன. அவர்களுள் பெயர் தெரிந்தோர் 2,283 பேரே. வழிபாட்டில்லத்தைக் கடந்து ‘வீரர் பாதை’ வழியே நடந்தால், எதிர்ப்படையினர் 10,295 பேரின் கல்லறையை அடைகிறோம். அங்குப் பெயர் தெரிந்தோர் 295 பேர் மட்டுமே. அவர்களுள் ஒருவர் பீட்டர் பான் என்னும் இளைஞர். வளராத சிறுவனாகக் கதையில் வரும் அதே பெயர்! அவர் மாடத்தின் முன் பூக்களையும் பொம்மைகளையும் வைத்துச் செல்கின்றனர் இன்றைய மக்கள்.

ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் படையில் பல்வேறு இனத்தாரும் சமயத்தாரும் இருந்தனர். போஸ்னிய முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களுக்கென இமாம்களும் நியமிக்கப்பட்டிருந்தனர். போஸ்னியப் படைப்பிரிவுகள் இத்தாலியப் போர்முனையில் போரிட்டது வரலாறு. கிராப்பாவில் பெயரின்றி உறங்கும் அந்தப் பத்தாயிரவருள் யார் எம்மொழியில் இறைவனை அழைத்து உயிர்நீத்தார் என எவர் கூறவல்லார்?

யூதர் ஒருவரின் சனாசா தம்மைக் கடந்து சென்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள் என்பதை ஹதீஸ் வழி நாம் அறிவோம். அவரும் ஓர் உயிரன்றோ என்பதே அதற்கு அவர்கள் தந்த விளக்கம். இருதரப்பையும் சேர்த்து அம்மலையில் துயிலும் 22,910 பேரில், ஏறத்தாழ ஒன்பதின்மருக்கு ஒருவரே பெயருடையவர். வென்றோர், தோற்றோர் என்று வரலாற்றைப் படிக்கும் நம் மாணவர்கள் இக்கணக்கையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.