உஷார்! பைபாஸில் ஏறியதும் கார் உதறுகிறதா?

ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றாலும் எஞ்சின் சீராக ஓடுகிறது. எண்பதைத் தாண்டியதும் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது. "பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டீர்களா? தயவுசெய்து விடாதீர்கள்! வேகத்தில் மட்டும் வரும் மிஸ்ஸிங் உங்களைக் கைவிடப்போவது நெடுஞ்சாலையின் வலது லேனில், பின்னால் ஆம்னி பஸ் நெருங்கும் நேரத்தில்.

நடந்ததையே சொல்கிறேன். தெரிந்த குடும்பம் ஒன்று, பதினைந்து வயது தாண்டிய பெட்ரோல் காரில் திருச்சிக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பியது. முதல் நாள் மெக்கானிக் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பெட்ரோல் சரியில்ல போல" என்று சொல்லிவிட்டார். உளுந்தூர்பேட்டை தாண்டி, ஒரு கண்டெய்னர் லாரியை முந்துவதற்காக மிதித்தபோது வண்டி உதறியது. பிக்கப் போய்விட்டது. இடது பக்கம் லாரி. பின்னால் பஸ்ஸின் ஹாரன். லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து வழி விட்டதால் ஓரத்துக்கு வந்தார்கள்.

அதோடு முடியவில்லை. முன் சீட்டில் இருந்த அம்மாவின் காலடியில் சூடு. ரப்பர் மிதியடி கருகும் வாடை. குனிந்து பார்த்தால், வண்டிக்கு அடியில் சைலன்சர் குழாயின் ஒரு பகுதி செக்கச்செவேலென்று தகிக்கிறது. நின்ற இடமோ காய்ந்த புல்! உடனே எல்லோரும் இறங்கி, வண்டியைத் தள்ளித் தார் மேல் நிறுத்தினார்கள்.

பிறகு தெரிந்த காரணம், ஒரே ஒரு பிளக் வயர். மயிரிழை விரிசல்.

இது ஏன் ஊருக்குள் தெரியவில்லை? அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கில் பொறி பறக்க அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக்கோ பலவீனமான காயிலோ இருந்தால் பொறியே வராது. வயரில் விரிசல் இருந்தால் மின்சாரம் அந்த வழியாக வெளியே ஓடிவிடும். எரியாத பெட்ரோல் நேராக, சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அந்தக் காரின் அடியில் தகித்தது அதுதான். கன்வர்ட்டர் உள்ளே உருகி அடைத்துக்கொண்டால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரங்களில் வந்து நிற்கும். சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயிலையும் அந்தப் பெட்ரோல் கழுவிவிடும். எஞ்சினே தேயும்.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்.

சட்டென்று வெட்டி இழுத்தால் சந்தேகம் பிளக், வயர், காயில் மேல். அரை மணி ஓடிச் சூடான பிறகு மட்டும் வந்து, ஆறியதும் மறைந்தால் முதலில் காயிலைப் பாருங்கள்.

மிதித்துக்கொண்டே இருக்கும்போது சக்தி மெல்ல மெல்ல வடிகிறதா? காலை எடுத்தால் தெளிந்து, மறுபடி மிதித்தால் திணறுகிறதா? பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது பம்ப் தளர்ந்திருக்கும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் வேண்டாம். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய டேங்க்கின் கசடை அது கிளப்பிவிடும், பழைய ரப்பர் ஹோஸையும் அரிக்கும். ஃபில்டரையும் ஹோஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினால் கன்வர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உடனே வேகத்தைக் குறையுங்கள். லைட் வரவில்லையே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். பல பழைய வண்டிகளுக்கு மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கும் வசதியே கிடையாது.

நியூட்ரலில் ரேஸ் கொடுத்துப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பாரமில்லாமல் ஓடும் எஞ்சின் உண்மையைச் சொல்லாது. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பைபாஸுக்கோ மேட்டுச் சாலைக்கோ அழைத்துப் போங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. ஒன்று மட்டும் கருத்து நனைந்திருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில். எல்லாமே வெளுத்திருந்தால் பெட்ரோல் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வித்தையை மட்டும் அனுமதிக்காதீர்கள்! அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். காயிலும் போகலாம், கைக்கும் ஆபத்து.

ஓடும்போதே எஞ்சின் நின்றுவிட்டால் சாவியை உருவாதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பவர் ஸ்டீயரிங் கனக்கும், பலமாகத் திருப்புங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் இரண்டு மூன்று மிதியில் கட்டையாகிவிடும். ஒரே சீராக அழுத்துங்கள். ஹசார்ட் லைட்டைப் போட்டு இடது ஓரம் வாருங்கள். புல் மேல் நிறுத்தாதீர்கள். குழந்தைகளைச் சாலைப் பக்கக் கதவு வழியாக இறக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழையுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்தே பார்க்காதீர்கள். எவ்வளவு நேரமானாலும் டோ வண்டி வரட்டும்.