அம்மாவின் போனில் அண்ணாமலை தீபம்

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணி. பக்கத்து வீட்டு டிவியில் ‘அரோகரா’ முழங்கிவிட்டது. அண்ணாமலை தீப நேரலை ஓடிய அம்மாவின் போனில் வட்டம்தான் சுற்றியது. “ஏத்திட்டாங்களாடா?” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

நேரலை சில நொடித் துண்டுகளாக வருகிறது. சிலவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டே ஆப் ஓட்டும். அதனால் டிவிக்குப் பின்தங்குவது இயல்பு. வட்டம் சுற்றினால், அடுத்த துண்டு நேரத்துக்கு வரவில்லை என்று பொருள். தரத்தை 1080-லிருந்து 480-க்கு இறக்கினேன், துண்டு இளைத்தது. ரௌட்டர் இருக்கும் கூடத்துக்கே அவரை அழைத்துவந்தேன். படம் சீராக ஓடியது.

ஆனால் நின்ற நேரமெல்லாம் பாக்கி; படம் இன்னும் அந்த அளவுக்குப் பின்தங்கியே ஓடியது. பலர் கவனிக்காதது இதைத்தான். சாம்பல் நிறமாகியிருந்த ‘லைவ்’ புள்ளியைத் தொட்டேன். அது சிவந்தது. மலையுச்சியில் சுடர். அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு இரு கைகளையும் கூப்பினார்.