தானே செய்யும் பருவம்

பிறப்புச் சான்றிதழ் எல்லா வீடுகளிலும் இல்லாத காலத்தில், நம் ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு ஒரு சோதனை வழங்கி வந்தது. தலைமையாசிரியர் பிள்ளையை எதிரே நிறுத்தி, வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார். விரல் காதிற் பட்டால் 5 வயது நிரம்பியது என்று கொண்டு பெயரைப் பதிவேட்டில் எழுதுவார். படாவிட்டால் அடுத்த ஆண்டு அழைத்து வருமாறு சொல்லி அனுப்பிவிடுவார். இஃது ஏதோ வேடிக்கையான வழக்கம் என்று இன்று தோன்றலாம். ஆயினும் உடலின் வளர்ச்சியை அறிந்தவர் இதனை எள்ளி நகையாடார். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தலையே ஆகும். 6 வயதளவில் மூளை, வளர்ந்தோர் மூளையின் அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. ஆதலால் தலை அதன்பின் மிகுதியாக வளர்வதில்லை. கைகளோ நீண்டுகொண்டே செல்கின்றன. பிள்ளைக்குப் பிள்ளை ஓராண்டு முன்பின் ஆகலாமே ஒழிய, காதைத் தொடும் பருவம் என ஒன்று இருப்பது உண்மையே.

காதை எட்டிவிட்ட கை சட்டைப் பொத்தானையும் மாட்டிவிடும் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது குருத்தெலும்பாக இருக்கும் அவை, பின்னர் ஒவ்வொன்றாக உறுதி பெறுகின்றன. கடைசி எலும்பு அவ்வாறு உறுதிப்பட 8 வயது முதல் 12 வயது வரை செல்லும். எலும்பும் தசையும் இவ்வாறு முதிர்ந்துகொண்டிருக்கும் காலத்தில்தான் நாம் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுக்கிறோம். நாலு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று அது சொன்னால், சோம்பல் என்று அதட்டுகிறோம்.

வீட்டில் காலை வேளையில் நிகழும் போராட்டத்திற்கும் இதுவே காரணம். பள்ளி வண்டி தெருமுனைக்கு வந்துவிடும். பிள்ளையோ ‘நானே போட்டுக்கொள்வேன்’ என்று பொத்தானைத் துளையில் நுழைக்க முயல்கிறது. முதற் பொத்தான் இரண்டாம் துளைக்குப் போய்விடுகிறது. தாய் அரை நிமிடத்திற் செய்து முடிப்பதற்குப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இறுதியில் வெல்வது கடிகாரமே. நாள்தோறும் கடிகாரமே வென்றால், சில திங்களில் அப்பிள்ளை ‘நானே’ என்று கேட்பதை விட்டுவிடும். கைகளைத் தொங்கவிட்டு நிற்கக் கற்றுக்கொள்ளும். பின்னாளில், எதையும் தானாகச் செய்வதில்லை என்று அதனையே குறை கூறுவோம். கால் மணி நேரம் முன்னதாக எழுப்புவது எளிய மருந்துதான். ஆனால் அந்தக் கால் மணியும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பது பெற்றோருக்கு எளிதன்று.

இந்தப் பார்த்திருத்தலை ஒரு கலையாகவே வளர்த்தவர் இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள், ரோம் நகரில் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவர் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். அவருடைய புரட்சி தச்சுப் பட்டறையிலிருந்து தொடங்கியது எனலாம். பிள்ளைகள் தாமே தூக்கி வைக்கத்தக்க சிறு நாற்காலிகளைச் செய்வித்தார். பொத்தான் மாட்டவும் முடிச்சுப் போடவும் பழகுவதற்கென்று மரச்சட்டங்களில் துணியைப் பொருத்திக் கொடுத்தார். உடையும் என்று அஞ்சாமல் கண்ணாடி, பீங்கான் கலங்களையே பிள்ளைகள் கையில் தந்தார். ஒரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். அவர் தாமதமாக வந்து பார்த்தபோது, பிள்ளைகள் கதவைத் திறந்து பொருள்களை எடுத்துக்கொண்டிருந்தனர். ஆசிரியைக்கு அது களவாகத் தோன்றியது. அம்மையாரோ, தமக்கு வேண்டியதைத் தாமே தேரும் அறிவு பிள்ளைகளிடம் முளைத்துவிட்டது என்று கண்டார். பூட்டிய அலமாரிக்குப் பதிலாகப் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் தட்டுகளை வைத்தார். இவ்வம்மையார் 1939-இல் அடையாற்றுப் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்ததும், போர் மூண்டமையால் ஐரோப்பாவுக்குத் திரும்ப இயலாமல் கோடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றியதும் நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் நினைக்கத்தக்கன.

அப்படியாயின் பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிட்டால் போதுமா? போதாது. கட்டடம் எழுப்புவோர் முதலிற் சாரம் கட்டுகின்றனர். சுவர் உயர உயரச் சாரமும் உயர்கிறது. சுவர் இறுகியபின் அதனைப் பிரித்துவிடுகின்றனர். இந்த உவமையையே 1976-இல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்னும் மூவர் தம் ஆய்வுக்குச் சொல்லாக எடுத்துக்கொண்டனர். மரக்கட்டைகளை இணைத்துக் கூர்ங்கோபுரம் கட்டும் வேலையை 3, 4, 5 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஆசிரியர் உதவும் முறையைக் கவனித்தனர். மூன்று வயதினரை வேலையில் ஈடுபடுத்துவதே ஆசிரியருக்குப் பெரும்பாடாயிற்று. நாலு வயதினருக்கு வாய்ச்சொல்லாற் குறிப்புக் காட்ட வேண்டியிருந்தது. ஐந்து வயதினர் தாமே கட்டினர். கட்டியது சரிதானா என்று கேட்பதற்கே ஆசிரியரை நாடினர். பள்ளியிற் சேரும் வயதுப் பிள்ளைக்குத் தேவை பெரும்பாலும் இந்தக் கடைசி வகை உதவிதான். மூன்று வயதுக்குரிய உதவியை ஆறு வயதிலும் செய்துகொண்டிருப்பவர் பலர்.

சாரத்தை எல்லாப் பக்கத்திலும் ஒரே நாளிற் பிரிப்பதும் இல்லை. தட்டைக் கழுவும் பிள்ளையின் கையை விட்டுவிடலாம். சாலையைக் கடக்கும் பிள்ளையின் கையை விடலாகாது. விரைந்து வரும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் சேர்த்துக் கணிக்கும் ஆற்றல் 6 வயதில் முதிர்ந்திராது. கிணற்றடிக்கும் குளக்கரைக்கும் இஃதே பொருந்தும்.

பெற்றோரை மயங்க வைக்கும் மற்றொரு காட்சியும் உண்டு. நம் மாநிலத்தில் 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளிற் பரவிய மதிய உணவும், 1982-இல் தொடங்கிய சத்துணவும் வயிற்றை நிரப்பியதோடு நில்லாமல் வேறொன்றையும் கற்பித்தன. தட்டேந்தி வரிசையில் நின்று, தானே உண்டு, தானே கழுவி வைக்கும் பழக்கத்தைச் சின்னஞ்சிறு பிள்ளைகளும் அங்கே பெற்றனர். அதே பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும் பாட்டியின் மடியில் உட்கார்ந்து ‘ஊட்டிவிடு’ என்கிறது! பள்ளியிற் பெற்றதெல்லாம் பாழாயிற்றோ என்று கலங்க வேண்டுவதில்லை. பகல் முழுதும் அயலார் நடுவே தன்னை அடக்கி ஆண்ட பிள்ளை அது; களைத்து வந்திருக்கிறது. ஊட்டிவிடுவதால் ஒரு குறையும் நேராது. தாய் தந்தையரைத் தைக்கும் ஒன்றும் அதே மாலையில் நிகழும். ‘இன்று பள்ளியில் என்ன நடந்தது?’ என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை’ என்று விடை வரும். தாம் காணாத ஒரு பகல் பிள்ளைக்கு உண்டு என்பதை அவர்கள் அப்போதுதான் உணர்கின்றனர்.

அந்தப் பகலில் பெற்றோர் அடியோடு இல்லாமற் போகின்றனரா? 4 வயது முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகள் தனியே விளையாடும்போது தமக்குத் தாமே உரக்கப் பேசிக்கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சுவிட்சர்லாந்து நாட்டு ஜீன் பியாஜே, 1923-இல் வெளிவந்த தம் நூலில், பிறர் நோக்கை இன்னும் அறியாத குழந்தை மனத்தின் அடையாளம் அப்பேச்சு என்றும், வயது ஏற மறையும் என்றும் கருதினார். ருஷ்ய நாட்டு உளநூலறிஞர் லெவ் வைகாட்ஸ்கி இதனை மறுத்தார். படம் வரையும் பிள்ளைக்கு வேண்டிய பென்சில் கிட்டாமற் செய்து பார்த்தபோது, அவ்வகைப் பேச்சு ஏறத்தாழ இருமடங்காயிற்று. இடர் வந்த இடத்தில் பிள்ளை தனக்குத் தானே வழி சொல்லிக்கொண்டது. அப்பேச்சு மறைவதில்லை, உள்ளே சென்று சிந்தனையாகிறது என்பது அவர் கொள்கை. அவர் 37 வயதில் மறைந்த 1934-ஆம் ஆண்டிலேயே இக்கொள்கையைக் கூறும் நூல் வெளிவந்தது. பிற்கால ஆய்வாளர் பலர் அவர் பக்கமே நின்றனர்.

முதலில் தாய் சொன்னாள்: ‘மெல்ல ஊற்று, சிந்தாதே.’ பிறகு பிள்ளை, நீர் ஊற்றும்போது ‘மெல்ல, மெல்ல’ என்று தானே சொல்லிக்கொண்டது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. அதன்பின் ஓசையே இல்லை; நீர் மட்டும் சிந்தாமல் விழுகிறது. கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்குச் செல்லும் நீங்கள், வீட்டில் ஐந்தாறு வயதுத் தம்பியோ தங்கையோ இருப்பின், அது தனியே விளையாடும்போது அடுத்த அறையிலிருந்து சற்றே செவி சாய்த்துப் பாருங்கள். அதட்டும் குரல் ஒன்றும் கொஞ்சும் குரல் ஒன்றும் கேட்கும். அவற்றுள் ஒன்று உங்களுடையதாகவும் இருக்கலாம்.