ஆற்றங்கரைக் குறிப்புகளும் அவற்றால் விவசாயிக்கு உண்டாகும் நன்மையும்

குடமுருட்டியாற்றின் கரையில், நீரோட்டத்தினின்று சுமார் முப்பது கெஜ தூரத்திலுள்ள வீட்டில் நான் பல வருஷங்களாக வசித்து வருகிறேன். காலையில் வயல்களைப் பார்வையிடப் புறப்படுமுன்னும், மாலையில் திரும்பிய பின்னும் திண்ணையில் அமர்ந்து, ஆற்றின் நிலைமையையும், கண்ணிற்பட்ட பக்ஷிகளையும் பூச்சிகளையும் தேதியுடன் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வைப்பது வழக்கம். இதனால் குடியானவருக்கு என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்பதுண்டு. அதை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

ஆற்றில் தண்ணீர் வரும் காலம்

மேட்டூர் அணை 1934-ம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்டது. டெல்டாப் பாசனத்துக்கு அதைத் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. திறந்த மூன்று நான்கு நாட்களில் தண்ணீர் கல்லணையை அடையும். ஆயினும் இத்தேதி எப்பொழுதும் நிலையாக இருப்பதில்லை. 2022-ம் வருஷத்தில் மே 24-ந் தேதியும், 2023-ல் ஜூன் 12-ந் தேதியும், 2024-ல் ஜூலை 28-ந் தேதியும் அணை திறக்கப்பட்டது. மூன்று வருஷங்களுக்குள் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வித்தியாசம் நேர்ந்திருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

கோடையில் ஆறு வறண்டு மணலாய்க் கிடக்கும்பொழுது ஆட்காட்டிக் குருவிகள் அம்மணலிலேயே சிறு குழி பறித்து, கூழாங்கல் நிறமுள்ள முட்டைகளை, பெரும்பாலும் நான்காக, இடுகின்றன. 2022-ல் என் வீட்டெதிரில் அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி, முன்னதாக வந்துவிட்ட புதுத் தண்ணீரில் தன் முட்டைகளை இழந்தது. அதே வாரத்தில், நாற்றங்காலுக்கு உழவும் விதைநெல்லும் ஆயத்தமில்லாமல் தவித்த குடியானவர் பலரையும் கண்டேன். பக்ஷிக்கு முன்னறிவிப்பு கிடைப்பதில்லை, நமக்கோ கிடைக்கிறது. ஆதலால் வைகாசி பிறக்குமுன்பே கோடை உழவை முடித்து, விதையைச் சேகரித்து வைத்துக்கொள்வது நலம்.

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில்

புரட்டாசியில் மஞ்சள் வாலாட்டிக் குருவிகள் வடதேசங்களிலிருந்து வந்து இறங்குகின்றன. இவை நடவு வயல்களிலும் வரப்புகளிலும் ஓடியோடிப் பூச்சிகளைப் பொறுக்கி உண்டு, சித்திரைக்குள் திரும்பிவிடும். இவற்றை அடுத்துத் தட்டான்கள் திரள் திரளாகத் தோன்றும். தட்டான் மிகுந்தால் அடைமழை நெருங்கிவிட்டது என்று நம் பெரியோர் கூறுவர். இக்கூற்று முற்றிலும் ஆதாரமற்றதன்று. இத்தட்டான்களில் ஒருவகை, மழையைக் கொணரும் காற்றுடனேயே பிரயாணம் செய்து, மழையினால் தேங்கும் குட்டைகளில் முட்டையிடும் இயல்புள்ளது. நன்னீர்க் குட்டைகள் அநேகமாக இல்லாத மாலத்தீவுகளில் அக்டோபர் மாதந்தோறும் இவை கூட்டமாக வந்திறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்பவர், இவை இந்தியாவிலிருந்து கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன என்ற கருத்தை 2009-ல் வெளியிட்டார்.

ஆயினும் தட்டானைக் கொண்டு மழையின் நாளைக் கணிக்க இயலாது. அதைக் கண்டவுடன் வடிவாய்க்கால்களைத் தூர் எடுத்து, அறுவடையான குருவை நெல்லை உலர்த்திச் சேர்ப்பதில் துரிதப்படுத்தினால் போதும். தட்டான்கள் புகையான் முதலிய பூச்சிகளைப் பிடித்து உண்பவை. ஆகையால் அவை நிறைந்திருக்கும் வயலில், பூச்சியின் அளவைப் பாராமல் மருந்து தெளித்தல் சரியன்று.

கூகையைப் பற்றி நான் செய்த பிழை

என் வீட்டுக் கொல்லையில் பழைய இலுப்பை மரம் ஒன்றுண்டு. அதன் பொந்தில் ஒரு ஜோடி கூகைகள் வசித்து வந்தன. கூகை அலறினால் வீட்டுக்கு ஆகாதென்று அண்டை அயலார் வற்புறுத்தவே, நானும் படித்தவனாயிருந்தும் மனந்தளர்ந்து அப்பொந்தைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்துவிட்டேன். அதற்கடுத்த சம்பாவில் எங்கள் படுகை வயல்களில் எலி வெட்டு மிகுதியாயிற்று. இதற்கு அது ஒன்றே காரணமென்று நான் துணிந்து கூற மாட்டேன். ஆனால் முந்திய வருஷக் குறிப்பைப் புரட்டியபொழுது, அப்பொந்தின் அடியில் கூகை கக்கிய உருண்டைகளை உடைத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் எலியின் மண்டையோடு கண்டதாக என் கையினாலேயே எழுதியிருந்தது. அதைப் படித்து மிகவும் வெட்கமுற்றேன்.

கூகை எலியைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கி, செரியாத ரோமத்தையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். குஞ்சுகள் உள்ள காலத்தில் இரவு முழுவதும் வேட்டையாடும். எலியோ சினைப்பட்டு ஏறக்குறைய மூன்றே வாரத்தில் குட்டி போடுவது; கதிர்களை அறுத்து வளையில் சேர்த்துவைப்பது. இப்படிப்பட்ட சத்துருவுக்கு எதிராகக் கூலியின்றி உழைக்கும் பக்ஷியை நாமே விரட்டுவது அறியாமையாகும். அன்றியும் 1972-ம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம்.

பொந்தை நான் மறுபடியும் திறந்துவிட்டேன். இரண்டு வருஷங்கள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வருஷம் மார்கழியில் ஓரிரவு அக்குரல் கேட்டது. அதையும் தேதியுடன் குறித்திருக்கிறேன்.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

1. அறுவடைக்குப் பின் எலிகள் வரப்புகளிலும் ஆற்றுப் படுகையிலும் ஒதுங்கியிருக்கும் கோடைக்காலத்திலேயே வளைகளை வெட்டியும், தஞ்சாவூர்க் கிட்டி வைத்தும் பிடிக்க வேண்டும். வரப்புகளைச் சிறிதாக அமைத்தால் வளை தோண்ட இடம் குறையும்.

2. நட்ட வயலில், பயிருக்கு மேலே உயர்ந்து நிற்கும்படி குறுக்குக் கட்டையுள்ள கம்புகளை நாட்டினால் இரவில் கூகையும் பகலில் கரிச்சானும் வந்தமரும். கதிர் முற்றுங்காலத்தில் தானியம் தின்னும் பக்ஷிகள் அமராதபடி அவற்றை எடுத்துவிட வேண்டும்.

3. புரோமடியோலோன் போன்ற விஷத்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் நடமாடும். அதைப் பிடித்துண்ணும் கூகைக்கும் தீங்கு நேரிடும். ஆதலால் விஷம் வைப்பது இன்றியமையாததானால் வளைக்குள்ளேயே வைத்து, செத்த எலிகளைத் தேடியெடுத்துப் புதைத்துவிட வேண்டும்.

4. ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில், வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதி, மழை பெய்த நாட்கள், வாலாட்டியும் தட்டானும் முதலில் தோன்றிய நாள், எலி வளைகளின் எண்ணிக்கை, கூகையின் குரல் கேட்ட இரவு ஆகியவற்றை எழுதிவரலாம். இதற்குத் தினம் ஐந்து நிமிஷம் போதும். ஒரு வருஷத்துக் குறிப்பினால் பெரும் பயன் இராது. ஐந்தாறு வருஷங்கள் சேர்ந்தால், தம் கிராமத்தில் எது முந்தியும் எது பிந்தியும் வருகிறதென்பதைத் தம் வயலுக்கேற்ப அறிந்துகொள்ள ஏதுவாகும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்புவித்தால் அவர்கள் உற்சாகத்துடன் செய்வார்கள்.